தலைவர் கைக்கு வந்த காப்பு

கோலா சாவா பக்கம் எந்தக் கடையில் நின்று குணாளன் வீடு எது என்று கேட்டாலும், "யாரு, ஆவாது குணாளனா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அந்தப் பட்டப்பெயரை யாரும் அவருக்குச் சும்மா கொடுத்துவிடவில்லை. செண்டாயானில் செம்பனைத் தோட்டத்தை அழித்து டவுன் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, "அதெல்லாம் ஆவாதுலா. பேப்பர்ல போடுவான், அதோட சரி" என்று நாலு பேர் முன்னால் அடித்துச் சொன்னவர் அவர். இப்போது அதே செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ரந்தாவில் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, "பொண்ணு ஆறாம் படிவம் வரைக்கும் படிச்சிருக்கு, நமக்கு ஆவாது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். அந்தப் பெண் குமுதவல்லிதான் இத்தனை வருஷமாக அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்.

கெட்ட மனுஷர் இல்லை. ஏமாந்து போவதை விட முன்கூட்டியே இல்லை என்று சொல்லிவிட்டால் மனசுக்குச் சேதாரம் கம்மி என்று எங்கேயோ கற்றுக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். தோட்டம் கைமாறி, பழைய லயங்களை இடித்து, ஓரத்தில் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்து ஆட்களை அங்கே ஏற்றிவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வருஷா வருஷம் தீமிதி நடக்கும். லாரியில் கட்டை இறக்குவது, தீயணைப்புப் படைக்குச் சொல்வது, குழி வெட்டுவது, குழியின் கடைசியில் பால் ஊற்றப் பள்ளம் எடுப்பது எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்ப்பவர் குணாளன். ஆனால் ஒருநாளும் தீயில் இறங்கியதில்லை. ஒரு வருஷம் குதிகால் வலி, ஒரு வருஷம் வேலையில் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் "தலைவரே எறங்கிட்டா யாரு கூட்டத்தப் பாக்குறது?" கோயில் செயலாளர் சத்தியசீலனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நம்ம தலைவரு தீய மூட்டுவாரு, மிதிக்க மாட்டாரு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். குணாளனும் சிரித்துவிட்டு, கட்டை எண்ணப் போய்விடுவார்.

அவருக்கு ஒரே மகள், மாதவி. சிரம்பானில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். பதின்மூன்று வயதிலேயே அப்பாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். பள்ளியில் கூடைப்பந்து ஆடச் சேர்ந்துவிட்டேன் என்று வந்து சொன்ன அன்று, "பாஸ்கெட்டு சீனவங்க ஆட்டம்மா. நம்ம புள்ளைங்களுக்கு அதெல்லாம் ஆவாது" என்றார். சொல்லிவிட்டு, மறுவாரமே பாசார் மாலம் இரவுச் சந்தையில் நல்ல ரப்பர் காலணி ஒன்று வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் பையில் வைத்தார். ஆட்டத்திற்குக் கொண்டுபோய் விடுவார், கூட்டி வருவார். உள்ளே போய் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. காருக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். தோற்றுப்போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் வெளியே வருவதைப் பார்க்க அவருக்குத் தெம்பு கிடையாது. வீடு திரும்பும் வழியெல்லாம் பெட்ரோல் விலை, மழை, ரோட்டுப் பள்ளம் என்று எதையாவது பேசுவார். ஆட்டம் எப்படி என்று மட்டும் கேட்கவே மாட்டார்.

போன வருஷம் பயிற்சியில் குதித்து இறங்கியபோது மாதவியின் வலது முட்டி திருகிக்கொண்டது. அறுவைச் சிகிச்சை, ஊன்றுகோல், மாதக்கணக்கில் காலைத் தூக்கி மடக்கும் பயிற்சி. இனி ஆட முடியுமா என்பதே சந்தேகம் என்றார் டாக்டர். குமுதவல்லி நேராகக் கோயிலுக்குப் போனார். "ஆத்தா, எம்புள்ள காலு பழைய மாதிரி ஆகட்டும். அந்தக் காலோடயே ஒன் தீயில எறங்குவா" என்று வேண்டிக்கொண்டார். அந்தக் கோயிலில் பெண்களும் இறங்குவதுண்டு. மாதவிக்கும் அதில் மறுப்பில்லை. கால் சரியானது. அம்மனால் ஆனதா, டாக்டரால் ஆனதா, விடியற்காலையில் எழுந்து அவள் பட்ட பாட்டால் ஆனதா என்று அந்த வீட்டில் யாரும் வாதாடவில்லை. மூன்றுக்கும் நன்றி சொல்லிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

இந்த ஆண்டுதான் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மாதவியின் அணி முதல்முறையாகக் கால் இறுதிக்கு வந்தது. சனிக்கிழமை சிரம்பானில் ஆட்டம். ஒரே ஒரு பந்து வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்த கையோடு, எதிரணியில் ஆடிய ஒருத்தி படிப்பை முடித்து வெளியே போனவள், அவளை இறக்கியது தவறு என்று மாதவியின் பயிற்சியாளர் மிஸ் யோங் புகார் கொடுத்தார். பதில் வர ஓரிரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

மறுநாள் ஞாயிறு, கோயிலில் காப்புக் கட்டு. தீயில் இறங்குகிறவர்களுக்கு மஞ்சள் கிழங்கு முடிந்த நூலைக் கையில் கட்டுவார்கள். கட்டிவிட்டால், அடுத்த ஞாயிறு தீமிதித்து முடியும்வரை விரதம். அம்மன் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்றால் பழைய தோட்டத்து எல்லைதான். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் பெரிய சாலைக்குப் போகும் பாலம். இறங்குகிறவர்கள் ஞாயிறன்றே கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை, புதன்வரை வந்து கட்டிக்கொள்ளலாம்.

"அப்பா, நான் புதன்கிழமை கட்டிக்கிறனே" என்றாள் மாதவி. "மிஸ் யோங் புகார் போட்டிருக்காங்க. ஒருவேள நாங்க செமி போனா?"

"புகாரு போட்டா ஒடனே செமிக்கு கூப்பிட்டுருவானா? அதெல்லாம் ஆவாதுலா. தலைவர் மக மொதல்ல கட்டலன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவான். கைய நீட்டு."

அவள் கையை நீட்டினாள். பூசாரி வீரமுத்து கட்டினார். குணாளன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த நிமிஷம் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் மாதவியின் கைபேசிக்குச் செய்தி வந்தது. புகார் செல்லும். வென்ற அணி நீக்கப்பட்டது. சனிக்கிழமை மலாக்காவில் அரை இறுதி, வென்றால் மறுநாள் அங்கேயே இறுதி.

வேலை முடிந்து குணாளன் வீட்டுக்கு வந்தபோது, மகள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரை ஆய்கிற பெண்ணே இல்லை அவள். என்னவோ ஏதோ என்று உள்ளே போனார். குமுதவல்லி விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, கணவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"எனக்கு எப்படித் தெரியும் குமுதா? எவனாச்சும் தோத்துட்டு செமி போவானா?"

"அந்தப் புள்ள மூணு நாளு பொறுங்கன்னு கேட்டுச்சா இல்லியா?"

குணாளன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். குளிக்கப் போனவர் வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். மகள் அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் கீரையை ஆய்ந்து முடித்து, கழுவி, அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "அது பரவால்லப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் அவரை அறுத்தது.

மறுநாள் சாயங்காலம் மிஸ் யோங் தன் மைவி காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும், குள்ளமான சீன அம்மாள், சிரம்பான்காரர். அணிக்கு எட்டுப் பெண்கள்தான், மாதவி இல்லாவிட்டால் கூடைக்குக் கீழே நின்று பந்தைப் பிடிக்க ஆளே இல்லை என்று மலாயில் சொன்னார். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மாதவியின் கையில் இருந்த மஞ்சளைத் தொடாமல் உற்றுப் பார்த்தார். சாமி காரியம் என்றால் சாமி காரியம்தான், தன் வீட்டிலும் இப்படி உண்டு என்றார். வரக்கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"இனி போலே துக்கார் ஓராங் கா?"

இதற்கு ஆள் மாற்றலாமா என்று கேட்கிறார். ஆட்டத்தில் ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தியை இறக்கிப் பழகியவருக்கு அப்படித்தானே கேட்க வரும்? குணாளன் வாயைத் திறந்தார். நல்லவேளையாக அவருடைய வழக்கமான பதில் வெளியே வருவதற்குள் குமுதவல்லி முந்திக்கொண்டார்.

"மாத்தலாம். பூசாரியக் கேப்போம்."

அன்று இரவே மூவரும் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி வீரமுத்து வெற்றிலையை ஓரம் ஒதுக்கிவிட்டு யோசித்தார். காப்புக் கட்டியவர் வீட்டில் தீட்டு வந்தாலோ, ஆள் படுத்துவிட்டாலோ மாற்றியிருக்கிறார்கள். அறுக்கக் கூடாது. அம்மன் முன்னால் அவிழ்த்து, அதே நூலை அதே ரத்தத்தில், இல்லை அதே வீட்டில் இன்னொருவர் கையில் கட்ட வேண்டும். வாங்குகிறவர் அந்த நேரத்திலிருந்து விரதம். வேண்டுதல் என்னவோ அதை அவரே முடிக்க வேண்டும்.

"வேண்டுதல் தரையில விழக்கூடாது தலைவரே, அவ்வளவுதான். வீட்டுல யாரு எறங்குறீங்க?"

"நான் எறங்குறேன்" என்றார் குமுதவல்லி.

குமுதவல்லிக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. பாதத்தில் முள் குத்தினால்கூடத் தெரியாது. போன தீபாவளிக்கு அடுப்படியில் மிதித்த கண்ணாடித்துண்டை மூன்று நாள் கழித்து டாக்டர்தான் எடுத்தார். செருப்பில்லாமல் வீட்டுக்குள்ளேயே நடக்கக் கூடாது என்று உத்தரவு. அந்தக் காலோடு தீயில் இறங்குகிறாராம்.

"ஒனக்கு மண்ட கிண்ட கொழம்பிடுச்சா?" என்றார் குணாளன்.

"அப்ப வேற யாரு இருக்கா நம்ம வீட்டுல?"

வீட்டில் மொத்தம் மூன்று பேர். குணாளன் கூரையைப் பார்த்தார். பூசாரி தரையைப் பார்த்தார். மாதவிதான் பேசினாள்.

"வேணாம்பா. ஒங்களுக்குப் பயம். நானே எறங்கிக்கிறேன். மேட்ச்சு அடுத்த வருசம் வரும்."

"பயமா? யாருக்கு? எனக்கா?"

"ஒங்களுக்குத்தான்பா. எல்லாருக்கும் தெரியும்."

இத்தனை வருஷமாகக் குதிகால் வலி, லீவு, கூட்டம் என்று அவர் கட்டிவைத்திருந்தது எல்லாம் இந்தப் பெண்ணின் ஒரு வரியில் போய்விட்டது. அவள் கேலியாகவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மாமிசம் பிடிக்காது என்பது போல, இருப்பதைச் சொன்னாள். குணாளனுக்கு முகம் சிவந்தது. ஆமாம், பயம்தான். குழி கனன்று, காற்று ஆடி, அந்த அனல் முகத்தில் அடிக்கும்போது அவருக்குக் கால் தானாகப் பின்னால் நகரும். இறங்குகிறவர்களை விலக்கிவிடுகிற சாக்கில் பத்தடி தள்ளியே நிற்பார். அதை மகள் எப்போது கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை வேலையிடத்தில் போர்க்லிஃப்டை ரிவர்ஸில் எடுத்துச் சுவரில் ஒரு இடி இடித்தார். சூப்பர்வைசர் கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே நிற்கும்போதுதான் அவருக்கு ஒன்று தெளிவானது. கையை நீட்டு என்று சொன்னது அவர். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. தன் வாயால் கட்டியதைத் தன் கையால்தான் வாங்க வேண்டும். அன்றைக்கு அரைநாளும், வார முடிவுவரை முழுநாளும் லீவு போட்டார். நேராகக் கோயிலுக்கு வந்து, அங்கிருந்தே மகளுக்குப் போன் அடித்தார். "கெளம்பி வாம்மா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு" என்றார்.

வீரமுத்து தேங்காய் உடைத்து, மாதவியின் கையிலிருந்து முடிச்சை அவிழ்த்தார். அவளுக்குச் சரியாக இருந்த நூல் குணாளன் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. மஞ்சள் நூலில் இன்னொரு துண்டை ஒட்டு முடிந்து கட்டினார். சத்தியசீலன் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் வாய் ஒன்றும் பேசவில்லை. மாதவி அப்பாவின் காலில் விழுந்து எழுந்தாள். "நல்லா வெளாடுமா" என்று சொல்ல நினைத்தார் குணாளன். ஆனால் "துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா?" என்றுதான் கேட்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை கல்லூரி வேன் பாலத்தைத் தாண்டிப் போனது. குணாளன் பாலத்துக்கு இந்தப்பக்கம் நின்று கையாட்டினார். அதற்கு மேல் ஓர் அடி வைக்க அவருக்கு அனுமதி இல்லை. அவள் எத்தனையோ ஆட்டம் ஆடியபோது உள்ளே போய்ப் பார்க்க வழியிருந்தும் காரில் படுத்துத் தூங்கிய மனுஷருக்கு, இப்போது மலாக்காவுக்குப் போக வேண்டும் போல மனசு அடித்துக்கொண்டது. முடியாதபோதுதான் ஆசை வரும் போலிருக்கிறது.

சனிக்கிழமை அரை இறுதியைக் கைபேசியில் நேரலையாகக் காட்டினார்கள். செம்பனைக்கு நடுவில் லைன் கிடைக்காமல், குணாளனும் சத்தியசீலனும் கட்டைக் குவியல் மேல் ஏறி நின்றுகொண்டு பார்த்தார்கள். படம் நிற்கும், ஓடும், நிற்கும். மகள் குதித்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் குணாளன் தன் முட்டியைப் பிடித்துக்கொண்டார். சத்தியசீலன் விதிமுறைகளை விளக்கினார். எல்லாம் தப்பு. கடைசி நிமிஷத்தில் மாதவி கூடைக்குக் கீழே இரண்டு பேருக்கு நடுவில் எம்பிப் பந்தைப் பிடித்து, திரும்பி, போட்டாள். உள்ளே போனது. குணாளன் போட்ட கூச்சலில் கோயிலுக்குள்ளிருந்து பூசாரி ஓடி வந்தார். "விரதம் இருக்குற ஆளு செய்யுற வேலையா இது? எறங்குங்க கீழ!" என்று தலைவரையே அதட்டினார். தலைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிறு காலை இறுதி ஆட்டம் நடந்தபோது அவர் ஆற்றங்கரையில் கரகத்துடன் நின்றார். காப்புக் கட்டியவர்கள் அன்று கைபேசியைத் தொடக் கூடாது என்று வீரமுத்து வாங்கி வைத்துக்கொண்டார். வென்றார்களா, தோற்றார்களா, முட்டி தாங்கியதா, ஒன்றும் தெரியாது. கேட்டால் சொல்ல ஆளும் இல்லை.

சாயங்காலம் குழி கனன்றது. ஊர்வலம் வந்து நின்றது. கரகம் முதலில் இறங்கியது. அடுத்தது குணாளன். விளிம்பு வரை நல்ல வேகத்தில் வந்தவர் நின்றுவிட்டார். அனல் முகத்தில் அடித்தது.  பின்னால் நின்றவர்களும் நின்றார்கள். பூசாரி தள்ளவில்லை, கூட்டத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குமுதவல்லி செருப்புக் காலோடு கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிற்பது தெரிந்தது. வேண்டாம், திரும்பிவிடலாம், வயசாகிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்போது இந்தக் காப்பு தரையில் விழுந்தால் மகளுடைய முட்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வந்தது. அந்தப் பயம் தீமேல் இருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஓடினார்.

மிதித்தார் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. எத்தனை அடி வைத்தார் என்று அவருக்கே தெரியாது. பால் பள்ளத்தில் கால் குளிர்ந்தபோதுதான் கண்ணைத் திறந்தார். "தலைவரு மிதிக்கல, பறந்துட்டாரு!" என்று சத்தியசீலன் கத்தினார். கத்திய மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் குணாளன் பார்த்தார். பள்ளத்து ஓரத்தில், பாலும் சேறுமாக, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கல்லூரி வேன் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. பச்சைச் சட்டையோடு மாதவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் குனிந்து அவருடைய உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்னும் இல்ல. லேசா செவந்திருக்கு" என்றார் குணாளன். "ஒன் முட்டி?"

"நல்லாருக்கு." அவளும் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்தாள். "தோத்துட்டோம்பா. ஒரு பாயிண்டு."

"அழுதியா?"

"வேன்ல. ரெம்பாவ் வர்ற வரைக்கும்."

"நான் எறங்கறதுக்கு முந்தி அழுதேன். எல்லாரும் பாத்துட்டானுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பின்னால் இன்னும் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள், மேளம் அடித்துக்கொண்டிருந்தது. குணாளன் மகள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசிப் பந்து எப்படிப் போச்சு? சொல்லு."

மாதவி அவரை ஒரு நொடி பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி அது. பிறகு சேற்றில் விரலால் கோடு போட்டு, இது கூடை, இங்கே நான், இங்கே அவங்க ஆளு என்று தொடங்கினாள். குணாளனுக்குப் பாதி விளங்கவில்லை. முழுவதையும் கேட்டார். முடித்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.